ராஸ் குடும்பத்தின் கதை – 9: 59-ஆவது இடம்

சென்ற வாரம் வரை

லண்டனில் ஜெனிஃபர் ஹார்வி ஒரு ரத்தப்புற்று வைரஸை எலிகளின் உடல் வழியே கடத்திப் பார்த்தார். வெளியே வந்தபோது அது சதைப்புற்றை உண்டாக்கும் வைரஸாகியிருந்தது. இது 1964-இல் நடந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து சிகாகோவில் வெர்னர் கிர்ஸ்டனும் லோயிஸ் மேயரும் அதேபோல் இன்னொரு வைரஸைக் கண்டார்கள்.

அந்த வைரஸ்கள் எலியின் உடலிலிருந்து ஒரு மரபணுவைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தன. அந்த மரபணுதான் ராஸ். ஹார்வி, கிர்ஸ்டன் இருவரின் முதலெழுத்துகளும் எச்-ராஸ், கே-ராஸ் என்ற பெயர்களில் இன்றும் நிற்கின்றன.

1979-இல் எட்வர்ட் ஸ்கோல்னிக்கின் குழு, ராஸ் மரபணு உண்டாக்கும் புரதம் ஜிடிபி என்ற சிறு மூலக்கூறைப் பற்றிக்கொள்வதைக் காட்டியது. 1982-இல் மனிதச் சிறுநீர்ப்பைக் கட்டி ஒன்றில் அதே மரபணு சிக்கியது. புரதத்தின் 12-ஆவது இடத்தில் கிளைசினுக்குப் பதில் வேலின். மரபணுவில் மாறியிருந்தது ஒரே ஓர் எழுத்து. அதைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர் ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஈ. பிரேம்குமார் ரெட்டி.

உலகம் முழுதும் 12-ஆவது இடத்தைப் பேசிக்கொண்டிருந்தது. இந்த வாரம் நாம் பார்க்கப்போவது, அதிகம் பேசப்படாத 59-ஆவது இடத்தை. அதைத் தேடிப் போனால், கதை அமெரிக்காவில் தொடங்கி மதுரை–தேனி சாலையில் நாகமலை புதுக்கோட்டைக்கு வந்து நிற்கிறது.

செயிண்ட் லூயிஸில் இருவர்

1970-களின் தொடக்கம். அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் கிரீன் என்ற வைரஸ் அறிஞரின் ஆய்வகம். புற்றுநோயை வைரஸ்கள்தாம் உண்டாக்குகின்றன என்ற நம்பிக்கை உச்சத்தில் இருந்த காலம். 1971-இல் அதிபர் நிக்சன் புற்றுநோய்க்கு எதிரான சட்டத்தில் கையெழுத்திட்டார். வைரஸ் ஆய்வகங்களுக்குப் பணம் தாராளமாக வந்தது.

கிரீனின் ஆய்வகத்திலிருந்து 1972-இல் வெளிவந்த கட்டுரைகளில் இரு ஆசியப் பெயர்கள் தென்படுகின்றன. ஒருவர் தமிழர், ஜி. சண்முகம். இன்னொருவர் ஜப்பானியர், நோபுவோ ட்சுசிடா.

இருவரும் ஆராய்ந்தது எலிச் சதைப்புற்று வைரஸ்களை. வைரஸ் புகுந்த செல்லுக்குள் எந்த ஆர்என்ஏ உருவாகிறது, எந்தப் புரதம் உருவாகிறது என்பதுதான் கேள்வி. டிஎன்ஏ எழுத்துகளைச் சரசரவென்று படிக்கும் முறை அப்போது இல்லை. ஆர்என்ஏவை அதன் எடையை வைத்துப் பிரிப்பார்கள், புரதத்தை எதிர்ப்பொருள் கொண்டு பிடிப்பார்கள். தெரிந்ததைக் கொண்டு தெரியாததை ஊகிக்க வேண்டும்.

வைரஸ் சுமந்து வந்த அந்த அந்நிய மரபணுவின் பெயர்கூட அன்று நிலைபெறவில்லை. அது புரதமாக மாறி என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பிறகு இருவர் பாதையும் பிரிந்தது. சண்முகம் மதுரைக்கு வந்தார். ட்சுசிடா அந்த வைரஸை விடவில்லை.

ஒரே இதழில் இரு கட்டுரைகள்

1982. 'சயின்ஸ்' இதழில் அடுத்தடுத்த பக்கங்களில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று ஹார்வி வைரஸின் ராஸ் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்திருந்தது. அதில் ஸ்கோல்னிக்கின் பெயர் இருந்தது. இன்னொன்று கிர்ஸ்டன் வைரஸின் ராஸைப் படித்திருந்தது. அதன் முதல் பெயர் ட்சுசிடா.

இரு வைரஸ்களும் வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு எலிகளில் பிறந்தவை. அவை தூக்கிவந்த மரபணுக்களும் இரண்டு. ஆனாலும் அவற்றின் புரதங்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது பெரும்பகுதி ஒத்திருந்தது.

பின்னர் மனித செல்லில் இருக்கும் இயல்பான ராஸையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு இடங்கள் துருத்திக்கொண்டு நின்றன.

முதலாவது 12. இயல்பான புரதத்தில் அங்கே கிளைசின். ஹார்வி வைரஸில் ஆர்ஜினின். கிர்ஸ்டன் வைரஸில் செரின்.

இரண்டாவது 59. இயல்பான புரதத்தில் அங்கே அலனின். இரண்டு வைரஸ்களிலும் திரியோனின்.

12-ஆவது இடத்தில் ஒவ்வொரு வைரஸும் தன் வழியில் கெட்டிருந்தது. 59-இல் மட்டும் இரண்டும் ஒரே மாதிரி கெட்டிருந்தன. தற்செயலா? அல்லது அந்த மாற்றத்தால் வைரஸுக்கு ஏதோ ஆதாயம் உண்டா?

59 ஏன் முக்கியம்?

ராஸ் சிறிய புரதம். 189 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி, அவ்வளவுதான். செல்லின் வெளிச்சவ்வின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அதன் வேலையை மின்சுவிட்சுடன் ஒப்பிடுவது வழக்கம். மூன்று பாஸ்பேட் கொண்ட ஜிடிபியைப் பற்றியிருக்கும்போது சுவிட்ச் போடப்பட்டிருக்கிறது. 'வளர், பிரி' என்ற செய்தி செல்லுக்குள் போகிறது. ஜிடிபியின் கடைசி பாஸ்பேட்டை ராஸ் வெட்டிவிட்டால் கையில் மிஞ்சுவது இரண்டு பாஸ்பேட் வடிவம். சுவிட்ச் அணைகிறது.

ஆகவே ராஸின் ஒழுக்கம் முழுதும் அந்த வெட்டில் இருக்கிறது. வெட்டத் தெரிந்தால் நல்ல பிள்ளை. வெட்ட மறந்தால் செல் பிரிந்துகொண்டே இருக்கும்.

ராஸ் தனியாக வெட்டினால் மிக மெதுவாகத்தான் வெட்டும். 1987-இல் கலிபோர்னியாவின் சீட்டஸ் நிறுவனத்தில் மெக் டிரேஹியும் ஃபிராங்க் மெக்கார்மிக்கும் அதற்கு ஒரு துணைப் புரதம் இருப்பதைக் கண்டார்கள். காப் என்று பெயர். காப் வந்து சேர்ந்தால் வெட்டும் வேகம் ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு கூடுகிறது. 12-ஆவது இடம் மாறிய ராஸோ, காப் வந்தாலும் அசையவில்லை. புற்றுநோய் ராஸ் ஏன் அணைவதில்லை என்பதற்கு முதல் நேரடி விடை அது.

1988 முதல் 1990 வரை பெர்க்லியில் சுங்-ஹோ கிம்மின் குழுவும், ஹைடல்பெர்கில் ஆல்ஃபிரட் விட்டிங்கோஃபரும் சகாக்களும் ராஸின் உருவத்தை எக்ஸ்-கதிரால் படம் பிடித்தார்கள். ஜிடிபி உட்காரும் குழி கண்ணுக்குத் தெரிந்தது.

57 முதல் 61 வரை உள்ள ஐந்து அமினோ அமிலங்கள் அந்தக் குழியின் ஓரத்தில், கடைசி பாஸ்பேட்டை ஒட்டி நிற்கின்றன. 57 மக்னீசியத்தைக் கவனிக்கிறது. 60 பாஸ்பேட்டைத் தொடுகிறது. 61-இல் இருக்கும் குளூட்டமின், பாஸ்பேட்டை வெட்டப்போகும் நீர் மூலக்கூறைச் சரியான கோணத்தில் நிறுத்துகிறது. இவற்றுக்கு நடுவில், சிறிய உடம்போடு வழிவிட்டு நிற்பது 59-இன் அலனின்.

அந்த இடத்துக்குத் திரியோனின் வந்தால் என்ன ஆகும்? வெட்டும் வேலை தடுமாறுகிறது. இன்னொரு விநோதமும் நடக்கிறது. வெட்டப்பட வேண்டிய பாஸ்பேட்டைத் திரியோனின் தன் மேலேயே ஏற்றிக்கொள்கிறது. வைரஸின் ராஸ் தனக்குத்தானே பாஸ்பேட் ஒட்டிக்கொள்வதை 1980 வாக்கிலேயே பார்த்திருந்தார்கள். காரணம்தான் பிறகு விளங்கியது.

1984-இல் மைக்கேல் விக்லரின் குழு எச்-ராஸ் மரபணுவில் கண்டபடி சடுதிமாற்றங்களை உண்டாக்கி, எவை செல்லைக் கெடுக்கின்றன என்று சோதித்தது. கெடுத்தவற்றின் பட்டியலில் 12, 13 ஆகியவற்றோடு 59-உம் இருந்தது.

ஆக, ஆய்வகத்தில் 59 குற்றவாளி. வைரஸிலும் குற்றவாளி. ஆனால் மனிதக் கட்டிகளைப் படித்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது 12, 13, 61 ஆகிய மூன்றையே. மனித உடலில் 59 எங்கே போனது?

பெருகிய சுற்றம்

இதற்குள் ராஸுக்கு உறவினர்கள் முளைத்துக்கொண்டிருந்தார்கள்.

1983-இல் ஜெர்மனியில் டீட்டர் கால்விட்ஸ் ஈஸ்ட்டின் இரு மரபணுக்களுக்கு இடைப்பட்ட பகுதியைப் படித்தார். அங்கே ராஸைப் போன்ற ஒன்று உட்கார்ந்திருந்தது. ராப் என்ற கிளையின் முதல் உறுப்பினர் அது. செல்லுக்குள் சரக்கு ஏற்றிய நுண்பைகள் சரியான இடத்தில் போய்ச் சேர இந்தக் கிளை பொறுப்பு.

1985-இல் பாஸ்கல் மடூலும் ரிச்சர்ட் ஆக்செலும் ஒரு கடல் நத்தையின் மரபணுக்களைத் துழாவினார்கள். கிடைத்தது ரோ. செல்லின் எலும்புக்கூட்டை நெய்வது அதன் வேலை. 1992-இல் ஆன் ரிட்லியும் ஆலன் ஹாலும் அதைச் செல்லுக்குள் செலுத்தி, நார்க்கற்றைகள் விறைத்து எழுவதைக் கண்ணால் பார்த்தார்கள்.

காலரா நஞ்சு வேலை செய்ய ஒரு துணை தேவை என்று 1984-இல் ரிச்சர்ட் கானும் ஆல்ஃபிரட் கில்மனும் கண்டார்கள். அந்தத் துணைதான் ஆர்ஃப். காலராவின் நஞ்சை 1959-இல் கல்கத்தாவில் நிறுவிய சம்பு நாத் டே இந்தக் குடும்பத்தின் பெயரைக்கூட அன்று கேள்விப்பட்டிருக்க முடியாது. ஆனால் அவர் கண்ட நஞ்சு குடலில் தாக்கும் இலக்கும் ஜிடிபியைப் பற்றும் புரதமே. ராஸின் தூரத்துப் பங்காளி அது.

செல்லின் உட்கரு வாசலைக் காக்கும் ரானையும் சேர்த்தால் ஐந்து கிளைகள். மனித உடலில் 150-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள்.

இத்தனை பேரையும் வரிசையாக அடுக்கி 57 முதல் 61 வரை பார்த்தால் குடும்பச் சாயல் பளிச்செனத் தெரிகிறது. ராஸ், ரோ, ராப், ரான் ஆகிய நான்கு கிளைகளிலும் 59-க்கு நிகரான இடத்தில் பெரும்பாலும் அதே அலனின். ஆர்ஃப் கிளையில் மட்டும் அங்கே கிளைசின். அதுவும் சிறியதே.

ஈஸ்ட்டும் மனிதனும் பிரிந்து நூறு கோடி ஆண்டு ஆகியிருக்கலாம். அத்தனை காலமாக மாறாமல் காக்கப்பட்ட இடம் அது. அங்கே கைவைத்தால் விளைவு இருக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எழுத்தை மாற்றுவது யார்?

எழுத்து மாறினால் செல் கெடும் என்று தெரிந்தது. எழுத்தை மாற்றுவது எது?

1983-இல் பார்பசிட் என்ற புற்றுநோய் ஆய்வாளரின் ஆய்வகத்தில் ஒரு பரிசோதனை நடந்தது. அதைச் செய்தவர்களுள் முதன்மையானவர் மும்பையில் முனைவர் பட்டம் பெற்றுச் சென்ற சரஸ்வதி சுகுமார்.

பெண் எலிகளுக்கு நைட்ரோசோமெத்தில்யூரியா என்ற ரசாயனம் ஊசி மூலம் செலுத்தப்பட்டது. எலிகளுக்கு மார்புக் கட்டிகள் வந்தன. கட்டிகளை எடுத்துப் படித்தபோது எச்-ராஸின் 12-ஆவது இடத்தில் ஜி என்ற எழுத்து ஏ ஆகியிருந்தது.

அந்த ரசாயனம் டிஎன்ஏவின் ஜி எழுத்தைத் தாக்கி இப்படித்தான் மாற்றும் என்பது வேதியியலாளர்களுக்கு முன்பே தெரியும். உடலுக்குள் போன பொருளுக்கும், மரபணுவில் மாறிய எழுத்துக்கும் நேரடிக் கணக்கு பொருந்தியது.

இதுதான் இந்த அத்தியாயத்தின் திருப்பம். அதுவரை புற்றுநோய் மரபணு என்றால் வைரஸ் கொண்டுவருவது, அல்லது செல் தானாகத் தவறுவது. இப்போது மூன்றாவது வழி திறந்தது. மனிதர் தின்பதும் மெல்லுவதும் புகைப்பதும் மரபணுவில் எழுத முடியும்.

மெல்லும் புகையிலையில் இருக்கும் நைட்ரோசமீன்களும் நைட்ரோசோ என்ற அதே பெருங்குலத்தைச் சேர்ந்த சேர்மங்கள். அப்படியானால் புகையிலை மெல்லும் நாட்டில் யாராவது வாய்க்கட்டிகளின் ராஸைப் படித்துப் பார்க்க வேண்டாமா?

மும்பையின் விடை

1991-இல் அது நடந்தது. மும்பைப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தனஞ்ஜயா சாரநாத்தும் சகாக்களும், புகையிலை மெல்லும் பழக்கத்தோடு தொடர்புடைய 57 வாய்க்கட்டிகளைச் சோதித்தார்கள். ஏறத்தாழ 35 சதவீதத்தில் எச்-ராஸ் கெட்டிருந்தது. கெட்ட இடங்கள் 12, 61.

இந்த எண் பலரை நிமிர்ந்து உட்கார வைத்தது. அதே காலத்தில் பிரிட்டனில் வாய்ப்புற்றைச் சோதித்தவர்களுக்கு ராஸ் மாற்றம் அரிதாகவே கிடைத்திருந்தது. அங்கே நோய்க்குக் காரணம் பெரும்பாலும் சிகரெட்டும் மதுவும். வாய் ஒன்றுதான், நோயின் பெயரும் ஒன்றுதான். மரபணுவின் கணக்கு மட்டும் வேறு.

ஓர் ஆய்வு போதாது. மும்பையில் கிடைத்தது இந்தியா முழுதுக்கும் பொருந்துமா? வேறொரு குழு, வேறு நோயாளிகளை எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

நாகமலைக்குக் கீழே

மதுரையிலிருந்து தேனி சாலையில் மேற்கே போனால் வலப்பக்கம் ஒரு மலைத்தொடர் பாம்பாக நீண்டு கிடக்கும். அதுதான் நாகமலை. அதன் அடியில் நாகமலை புதுக்கோட்டை. அதைத் தாண்டியதும் பல்கலை நகர். 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, 1978-இல் காமராசர் பெயரைத் தாங்கிய கல்விநிலையம் அங்கே இருக்கிறது.

அதன் உயிரியல் புலத்துக்கு அன்று நாடு முழுதும் மதிப்பு இருந்தது. மூலக்கூறு உயிரியலை ஆய்வகத்தில் கையால் செய்து கற்பித்த சில இந்தியப் பல்கலைக்கழகங்களுள் ஒன்று அது. 1980-களின் நடுவில் மத்திய அரசு உயிரித்தொழில்நுட்ப முதுகலைப் படிப்புக்கு நிதி கொடுத்தபோது, முதலில் தொடங்கிய இடங்களில் மதுரையும் இருந்தது.

செயிண்ட் லூயிஸிலிருந்து வந்த சண்முகம் பேராசிரியராக இருந்ததும் இங்கேதான்.

இந்த ஊரைச் சுற்றியுள்ள நிலத்தையும் பார்க்க வேண்டும். வடக்கே வைகைக் கரையில் சோழவந்தான். புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலை விளையும் ஊர். அதற்கும் அப்பால் திண்டுக்கல், வேடசந்தூர். மெல்லும் புகையிலையை ஆராய மத்திய அரசு அமைத்த நிலையம் வேடசந்தூரில் இருக்கிறது.

வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் போயிலை. களையெடுக்கும் கையும் கட்டட வேலைக்குப் போகும் கையும் இடையில் ஒதுக்கும் ஐந்து நிமிடம் இதற்குத்தான். பசி மந்தப்படும், உடம்பு வலி தெரியாது. கன்னத்தில் அடக்கிக்கொண்டு பாதி நாள் ஓட்டுவார்கள். இதைக் கெட்ட பழக்கம் என்று சொல்வது எளிது. வேலை அப்படி.

புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985-இல் வகைப்படுத்தியது. புகையிலை இல்லாத வெறும் பாக்குக்கும் 2004-இல் அதே தீர்ப்பு எழுதியது. புகையிலையை விட்டுவிட்டேன், பாக்கு மட்டும்தான் என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆக, கேள்வி மதுரை ஆய்வகத்துக்கு வெளியே, தெருவிலேயே இருந்தது. அதைக் கேட்கும் கருவி மட்டும் தாமதமாக வந்தது.

இரண்டு பழைய பெயர்கள், ஒரு புதிய கட்டுரை

கருவியின் பெயர் பிசிஆர். காப் பிறந்த அதே சீட்டஸ் நிறுவனத்தில் காரி மல்லிஸ் உருவாக்கியது. கட்டியிலிருந்து எடுத்த கடுகளவு திசுவிலிருந்தும், வேண்டிய மரபணுத் துண்டை மட்டும் கோடிக்கணக்கில் பெருக்கலாம். பெருக்கியதை எழுத்தெழுத்தாகப் படிக்கலாம்.

இதனால் ஓர் அடிப்படை மாற்றம் நேர்ந்தது. பழைய முறையில் எந்த இடம் கெட்டிருக்கும் என்று முன்கூட்டியே நினைத்து, அந்த இடத்துக்கான கருவியைச் செய்து தேட வேண்டும். 12-ஐத் தேடினால் 12 கிடைக்கும். தேடாத 59 கண்ணில் படாது. துண்டு முழுவதையும் படிக்கும்போதுதான் எதிர்பாராதது வெளியே வரும்.

மதுரையில் சண்முகத்திடம் இதைக் கையில் எடுத்த இளம் ஆய்வாளர் ஏ.கே. முனிராஜன். பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் மரபியல் பேராசிரியரானவர். கூட்டாளி யார் என்று நினைக்கிறீர்கள்? டோக்கியோவில் பேராசிரியராக இருந்த நோபுவோ ட்சுசிடா.

கால் நூற்றாண்டுக்கு முன் கிரீனின் ஆய்வகத்திலிருந்து எழுதிய இருவரும் மீண்டும் ஒரே கட்டுரையில் சேர்ந்தார்கள். முதலில் 1996-இல், இந்திய வாய்ப்புற்றில் பி53 என்ற காவல் மரபணுவைப் பற்றி எழுதினார்கள். பிறகு பழைய நண்பனான ராஸிடம் வந்தார்கள்.

1998. புற்றுநோயியல் பன்னாட்டு இதழ் ஒன்றில் முனிராஜன், மோகன்பிரசாத், சண்முகம், ட்சுசிடா ஆகியோரின் கட்டுரை வெளியானது. இரண்டு செய்திகளைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள்.

ஒன்று, இந்திய வாய்ப்புற்றில் எச்-ராஸ் மாற்றம் ஒப்பீட்டளவில் அதிகம். மும்பை சொன்னதை மதுரை தன் வழியில் உறுதி செய்தது.

இன்னொன்று, ஓர் அரிய சடுதிமாற்றம். இடம்: 59.

கிர்ஸ்டன் வைரஸின் எழுத்துகளை 1982-இல் படித்து 59-இன் திரியோனினை உலகுக்குக் காட்டியவர் ட்சுசிடா. மனிதக் கட்டிகளில் எளிதில் தென்படாத அந்த இடம், 16 ஆண்டுகள் கழித்து, ஓர் இந்தியரின் வாய்க்கட்டியில் கெட்டுக் கிடந்தது. அதைக் கண்ட கட்டுரையிலும் அவர் பெயர் இருந்தது.

எலியின் வைரஸ் எந்த இடத்தைப் பிடித்துச் செல்லைக் கெடுத்ததோ, வைரஸே இல்லாத மனித வாயில் அதே இடம் கெட்டிருந்தது. விக்லரின் சோதனைக்குழாய் 1984-இல் சொன்னது உண்மையான நோயாளியிடமும் நடக்கக்கூடியது என்று ஆயிற்று.

அடக்கி வாசிக்க வேண்டியது

இந்தக் கண்டுபிடிப்பைப் பெரிதாக்கிச் சொல்வது எளிது. அது தவறு.

59 அரியது. அன்றும் அரியது, இன்றும் அரியது. அதை மட்டும் குறிவைத்து மருந்து செய்வது எளிதல்ல. ஒரு கட்டியில் ஓர் எழுத்து மாறியிருப்பதால் மட்டும் அந்தக் கட்டிக்கு அதுவே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. கட்டிக்குள் மாறிய எழுத்துகள் ஏராளம். பல சும்மா கூடவே பயணம் செய்பவை.

மதுரைக் கட்டுரையின் எடை வேறிடத்தில் இருக்கிறது. இந்திய வாய்களில் ராஸின் பங்கு மேற்கத்தியப் புத்தகத்தில் எழுதியிருப்பதைவிடப் பெரிது என்ற வாதத்துக்கு அது இரண்டாவது கால். மும்பையின் கால் ஒன்றே இருந்தால் நின்றிருக்காது.

அந்த வாதம் பின்னர் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. பன்னாட்டுப் புற்றுநோய் மரபணுத் திட்டத்தின் இந்தியக் குழு, ஈறும் கன்னமும் சேரும் பகுதியில் வரும் கட்டிகளின் மரபணுக்களை விரிவாகப் படித்து 2013-இல் முடிவை வெளியிட்டது. வெற்றிலையும் புகையிலையும் அடக்கிவைக்கும் இடம் சரியாக அதுதான். அடிக்கடி கெட்டிருந்த மரபணுக்களின் பட்டியலில் பி53 இருந்தது. எச்-ராஸும் இருந்தது.

அமெரிக்கத் திட்டம் 2015-இல் தலை, கழுத்துப் புற்றுகளைப் படித்தபோது எச்-ராஸ் கெட்டவை 4 சதவீதம் அளவில்தான் இருந்தன.

ஒரு நாட்டின் புற்றுநோயை இன்னொரு நாட்டின் வரைபடத்தை வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. நம் நோயாளிகளை நாமே படிக்க வேண்டும். 1990-களில் குறைந்த வசதியோடு அதைச் செய்தவர்களுள் நாகமலையடி ஆய்வகமும் ஒன்று. அதன் மீது இந்த வரலாறு எழுதும் தீர்ப்பு இதுவே.

வாசகருக்கும் ஒரு வார்த்தை. மரபணுவைப் படிக்க ஆய்வகம் வேண்டும். வாயைப் பார்க்கக் கண்ணாடி போதும். கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு, இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண், வாயை முழுதாகத் திறக்க முடியாத இறுக்கம் இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். தொடக்கத்தில் பிடித்தால் வாய்ப்புற்று குணமாகக்கூடிய நோய்.

விடை கிடைக்காத கேள்வி

இத்தனைக்குப் பிறகும் ஒரு முடிச்சு அவிழவில்லை.

கணையத்தில் வரும் புற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒன்பது கட்டிகளில் கெட்டிருப்பது கே-ராஸ். பெருங்குடலிலும் நுரையீரலிலும் ராஸ் கெட்டால் பெரும்பாலும் அது கே-ராஸே. தோலின் கருமைப்புற்றில் முன்னிற்பது மூன்றாவது உடன்பிறப்பான என்-ராஸ்.

வாயிலோ முன்னிற்பது எச்-ராஸ்.

மூன்றும் ஏறக்குறைய ஒரே புரதம். ஜிடிபியைப் பற்றும் பகுதி, வெட்டும் பகுதி, 12, 59, 61 எல்லாம் ஒன்றே. பெரிதும் வேறுபடுவது கடைசி இருபது சொச்சம் அமினோ அமிலங்கள் கொண்ட வால்பகுதி. அந்த வால்தான் புரதம் சவ்வின் எந்த மூலையில் ஒட்ட வேண்டும் என்று தீர்மானிக்கிறது.

அப்படியானால் உறுப்புக்கு உறுப்பு ஆள் மாறுவதற்குக் காரணம் அந்த வாலா? அல்லது வாயில் எச்-ராஸ் மரபணு அதிகம் திறந்து கிடப்பதால் புகையிலையின் நஞ்சு அதை எளிதில் எட்டுகிறதா? அல்லது மூன்றுமே சம அளவில் கெட்டு, அவற்றுள் எச்-ராஸ் கெட்ட செல்தான் வாயில் பிழைத்து வளர்கிறதா?

1998-இல் மதுரையில் இதற்கு விடை இல்லை. டோக்கியோவிலும் இல்லை. மருந்து தேடியவர்கள் விடைக்குக் காத்திருக்கவுமில்லை. அந்த வாலையே குறிவைத்தால், ராஸ் சவ்வில் ஒட்டாமல் உதிர்ந்துவிடும், சுவிட்ச் தானே அணையும் என்று கணக்குப் போட்டுப் பல நிறுவனங்கள் கோடிகளைக் கொட்டின.

எலிகளில் கட்டிகள் கரைந்தன. மனிதர்களிடம் அந்தக் கணக்கு ஏன் பொய்த்தது?

(அடுத்த வாரம்)